கைகாட்டி

கோர்ட்டில் ஒரு தாளை நீட்டினார்கள்.
"நீங்கள் நின்ற இடத்தைக் குறியுங்கள், மார்லிஸ்."
குறித்தேன்.
"அவர் கடந்த இடத்தை?"
தாளில் அங்கே ஒன்றுமில்லை.
சாலையிலும் ஒன்றுமில்லை.

எங்கள் டுலூத்தில் தெருக்கள் எல்லாம்
ஏரியைப் பார்த்துச் சரிந்து இறங்கும்.
நவம்பரில் விழுகிற பனி ஏப்ரல்வரை கிடக்கும்.
பெயின்ட் இருந்ததா இல்லையா என்று
யாருக்கு நினைவிருக்கப்போகிறது?

வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்:
இந்தப் பக்க நடைபாதையை
மனசால் நீட்டி
அந்தப் பக்க நடைபாதையோடு சேர்த்தால்
நடுவில் கிடப்பது கடவை.
வெள்ளை அடித்தாலும் அடிக்காவிட்டாலும்.

இருபத்தாறு வருஷமாக லாண்டரி வேன் ஓட்டுகிறேன்,
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், ஹோட்டல் துண்டுகள்.
முக்குக்கு முக்கு இப்படி ஒன்று
மல்லாந்து படுத்திருப்பது தெரியாமல்
எத்தனை முறை ஏறி இறங்கினேனோ.

அன்று ஏறவில்லை.
அன்று நின்றேன்.
அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ரென்னி சாரெலா
இரண்டு கையிலும் பால் கேன்.
ஒரு கால் விளிம்பில், ஒரு கால் சாலையில்.
பிரேக்கை மிதித்தேன். வேன் உப்புத்தண்ணீரில்
கொஞ்சம் வழுக்கி, நின்றது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் கை காட்டினேன்:
போங்க, போங்க.

சட்டம் என்னை நிற்கத்தான் சொன்னது.
கை காட்டச் சொல்லவில்லை.

என் வேன் ஏழடி உயரம்.
அதன் மறைவில் இன்னொரு தடம் இருந்தது.
அந்தத் தடத்தில் பிராடி லின்ட்குவிஸ்ட்,
பத்தொன்பது வயது, அப்பாவின் டிரக்.
நிற்கிற வண்டியைக் கண்டால்
நமக்கு முதலில் தோன்றுவது, பழுதாகிவிட்டது.
அடுத்தது, திரும்பப்போகிறது.
அதற்கு முன்னால் ஓர் ஆள் இருக்கலாம் என்பது
மூன்றாவதாகத்தான் வரும்.
மூன்றாவது வருவதற்குள்
அவன் என்னைத் தாண்டியிருந்தான்.

பால் கடவைப்படி ஓடவில்லை.
சரிவுப்படி ஓடியது,
ஏரியைப் பார்த்து.

இடுப்பெலும்பு இரண்டு துண்டு. உயிர் இருந்தது.
பிராடி நடைபாதையில் உட்கார்ந்து
கையுறையைக் கடித்துக்கொண்டு அழுதான்.
நான் வேனைத் திறந்து
சலவை செய்த விரிப்புகளை எடுத்துவந்து
ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினேன்.
எத்தனை என்று முதலாளி இன்னும் கேட்கிறார்.

"கை காட்டினீர்களா?" பிராடியின் வக்கீல் கேட்டார்.
"ஆமாம்."
"நீங்கள் என்ன கைகாட்டி மரமா?"
நீதிபதி குறுக்கிட்டார்:
நின்றவர்மேல் வழக்கு இல்லை,
நின்ற வண்டியைத் தாண்டியவர்மேல்தான்.
அந்தக் கேள்வி இங்கே பொருட்டல்ல.

எங்கே பொருட்டு என்று அவர் சொல்லவில்லை.
வீட்டுக்கு அதைக் கொண்டுவந்துவிட்டேன்.

இப்போது இரண்டு வண்டி நீளம் தள்ளியே நிற்கிறேன்.
முன்பெல்லாம் மூக்கை முட்டிக்கொண்டு நிற்பேன்.
இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்.
நடக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்து
உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள்.
கொடுப்பதில்லை.
திமிர் பிடித்தவள் என்று நினைக்கட்டும்.

போன செவ்வாய், அதே முக்கு.
ஊன்றுகோலோடு ரென்னி.
என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ.
நின்றேன். பின்னால் ஒருவன் ஹாரனில் படுத்துவிட்டான்.
அவர் வந்தார். என் வேனின் ஓரம் முடிகிற இடத்தில்
நின்று,
கழுத்தை மட்டும் நீட்டி
அடுத்த தடத்தை எட்டிப் பார்த்தார்.
ஒரு பஸ். அதுவும் நின்றது.
அதன்பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகருமுன்
என் பானெட்டை இரண்டு தட்டு தட்டினார்.
நன்றி என்றா,
இங்கேயே இரு என்றா,
தெரியவில்லை.

இருந்தேன்.